கண்மூடத் தெரியாத கிழவர்: பாலிகன் மாடலிங்கும் ஸ்கல்ப்டிங்கும் கைகோக்கும் விதம்

நான் முதன்முதலாகச் செய்த முப்பரிமாணக் கிழவருக்குக் கண்மூடத் தெரியாது. மூன்று வாரம் உட்கார்ந்து செதுக்கிய தலை அது. நெற்றிச் சுருக்கம், மூக்கின் மேல் தோல்துளைகள், காதுமடலின் மெல்லிய ஓரம், கீழுதட்டின் வெடிப்பு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படமாக எடுத்துப் பார்த்தபோது இதோ பேசப்போகிறார் என்பதுபோல் இருந்தார். அனிமேஷனுக்கு எலும்புக்கூடு பொருத்தும் வேலை செய்கிற நண்பர் ஒருவரிடம் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேலிமையைக் கீழே இறக்கிப் பார்த்தார். இமை இறங்கவில்லை. கன்னத்தையும் புருவத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, கசக்கிய காகிதம்போல் சுருண்டது. "சிற்பம் அருமை. ஆனால் பெரியவர் இனித் தூங்கவே மாட்டார்" என்றார் நண்பர்.

செதுக்கலில் தவறு இல்லை. அந்தத் தோலுக்கு அடியில் இருந்த வலை, கண் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஓடியிருந்தது. கதாபாத்திரங்கள் செய்யப் புதிதாக வருகிறவர்கள் பலரும் இங்கேதான் முட்டிக்கொள்கிறார்கள். "பாலிகன் மாடலிங் கற்பதா, ஸ்கல்ப்டிங் கற்பதா?" என்று கேட்கிறார்கள். ஒரு பாத்திரம் முடிவதற்குள் இந்த இரண்டுக்கும் இடையே நாலைந்து முறையாவது போய்வர வேண்டியிருக்கும். எந்த வேலைக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் கற்க வேண்டும்.

இரண்டிலும் இருப்பது ஒரே வலை

முப்பரிமாண மென்பொருளில் நாம் பார்க்கும் தலை, உள்ளே மண்டையும் சதையும் கொண்டதல்ல. அது வெறும் ஓடு. வெளியில் சில ஆயிரம் புள்ளிகள் மிதக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முனை. இரண்டு முனைகளை இணைக்கும் கோடு விளிம்பு. விளிம்புகள் சூழ்ந்த சிறு பரப்பு தளம். இந்தத் தளங்களின் தொகுப்பைத்தான் மெஷ் என்கிறோம். ஃபேஸ் என்ற சொல்லை நேராக 'முகம்' என்று தமிழாக்கினால் "கிழவரின் முகத்தில் 2,000 முகங்கள்" என்று எழுத வேண்டிவரும். ஆகவே இங்கே தளம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பாலிகன் மாடலிங் என்பது இந்த முனைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலை வாங்குவது. ஒரு பெட்டியில் தொடங்குவீர்கள். அடித்தளத்தைப் பிடித்து வெளியே இழுத்தால் கழுத்து. குறுக்கே ஒரு வெட்டு போட்டால் அங்கே ஒரு புதிய வளையம். வலையில் 500 முனைகள் இருந்தால், அந்த 500-ம் நீங்கள் வைத்த இடத்தில்தான் இருக்கும். நிதானமான வேலை. எதுவும் தற்செயலாக நடக்காது. இதே காரணத்தால் தோல்துளைகளை இந்த முறையில் செய்ய நினைப்பது மணலை எண்ணுவதற்குச் சமம்.

ஸ்கல்ப்டிங்கில் முனைகளை நீங்கள் தொடுவதே இல்லை. அழுத்தம் உணரும் பேனாவால் திரையில் ஒரு கோடு இழுக்கிறீர்கள். பிரஷ்ஷின் வட்டத்துக்குள் வரும் ஆயிரக்கணக்கான முனைகள் கூட்டமாக நகர்கின்றன. ஒரு பிரஷ் மேடு எழுப்பும், ஒன்று தேய்க்கும், ஒன்று கீறும், ஒன்று மொத்த மூக்கையும் பிடித்து இழுக்கும். தமிழில் இதைச் 'செதுக்குவது' என்கிறோம். உளி குறைக்க மட்டுமே செய்யும். இங்கே சேர்க்கவும் முடியும், மேலே மேலே அப்பிக்கொண்டே போகவும் முடியும். களிமண்ணை வனைவதுதான் இதற்கு நெருங்கிய உறவு. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

தொடக்கத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தராத விஷயம் ஒன்று உண்டு. ஸ்கல்ப்டிங் மென்பொருளுக்குள் களிமண் என்று எதுவும் கிடையாது. அங்கேயும் அதே முனைகள், அதே விளிம்புகள், அதே தளங்கள்தான். எண்ணிக்கை மட்டும் லட்சங்களில் இருப்பதால் வலை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு சுருக்கத்தைக் கீறும் இடத்தில் போதுமான முனைகள் இல்லையென்றால், எவ்வளவு நல்ல பிரஷ் வைத்திருந்தாலும் சுருக்கம் மழுங்கித்தான் விழும்.

இந்த இரண்டு கைவேலைகளும் ஆரம்பத்திலேயே சந்தித்துக்கொண்டவைதான். 1972-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த எட்வின் கேட்மல், தன் இடது கையை அச்செடுத்து பிளாஸ்டரில் வார்த்தார். அந்த வார்ப்பின் மேல் மையால் சுமார் 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்து, முனைகளின் இடங்களை அளந்து கணினிக்குள் ஏற்றினார். ஃப்ரெட் பார்க்குடன் சேர்ந்து அந்தக் கையைத் திரையில் அசைய வைத்தார். முதலில் உருவம், பிறகு அதன் மேல் வலை. இன்று ரீடோபாலஜி என்ற பெயரில் நாம் செய்வதும் இதே வரிசைதான். பிளாஸ்டரும் மையும் மட்டும் போய்விட்டன.

நான்கால் பெருகும் கணக்கு

அதே கேட்மல், ஜிம் கிளார்க்குடன் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட ஒரு முறைதான் இன்றுவரை பாலிகனையும் ஸ்கல்ப்டிங்கையும் இணைக்கும் பாலம். சப்டிவிஷன் என்பார்கள். நான்கு பக்கம் கொண்ட ஒவ்வொரு தளத்தையும் நான்கு சிறு தளங்களாகப் பிரித்து, முனைகளைச் சற்று நகர்த்தி வளைவை மென்மையாக்குவது அதன் வேலை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிழவரின் தலைக்கு 2,000 நாற்கரத் தளங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பிரித்தால் 8,000. இரண்டாம் முறை 32,000. பிறகு 1,28,000, 5,12,000, 20,48,000. ஆறாம் முறையில் 81,92,000. தோல்துளை தெரிய வேண்டுமென்றால் இந்தக் கடைசி நிலைக்குப் போக வேண்டும். மண்டையோட்டின் வடிவத்தைத் திருத்த முதல் நிலையே போதும்.

சப்டிவிஷனின் அழகு இதில்தான் இருக்கிறது: மேல்நிலையில் தோல்துளைகளைப் பதித்துவிட்டு, கீழ்நிலைக்கு இறங்கி வந்து தாடையை அகலப்படுத்தலாம். திரும்ப மேலே ஏறினால் துளைகள் புதிய தாடையின் மேல் அப்படியே அமர்ந்திருக்கும். நிலைகளை எண்ணுவதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. ஸீபிரஷ் என்ற மென்பொருளில் பிரிக்காத வலையே நிலை 1. பிளெண்டரில் அது நிலை 0. ஒருவர் "ஏழாம் நிலை" என்றால் எந்த மென்பொருளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்கரம்தான் வேண்டும் என்று எல்லோரும் ஏன் அடம்பிடிக்கிறார்கள் என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. நாற்கரத்தில் ஒரு பக்கமாக நுழையும் கோடு எதிர்ப்பக்கமாக வெளியேறி, அடுத்த தளத்துக்குள் நுழைந்து, சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடியலாம். அதுதான் லூப், அதாவது வளையம். முக்கோணத்துக்கு எதிர்ப்பக்கம் கிடையாது. வந்த கோடு அங்கேயே நின்றுவிடும். அதற்காக முக்கோணம் என்றாலே பதற வேண்டாம். காதுக்குப் பின்னால் ஒன்றிரண்டு இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அசையும் இடங்களிலும் பளபளப்பான வளைவுகளிலும் மட்டும் அவற்றைத் தவிர்த்தால் போதும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்

செதுக்கத் தொடங்கும் முன் பாலிகன் முறையில் செய்யும் எளிய வலையை பேஸ் மெஷ் என்கிறார்கள். கண், காது எல்லாம் குறிப்பாக மட்டும் தெரியும் மொழுமொழு பொம்மை அது. பார்க்க ஒன்றுமே இருக்காது. ஆனால் கண்மூடுமா மூடாதா என்பது இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடும்.

கண்ணைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதலில் விழிக்கு ஒரு கோளத்தை உரிய இடத்தில் வையுங்கள். விழி இல்லாமல் இமை செய்வது, கால் இல்லாமல் செருப்பு தைப்பது போல. பிறகு கோளத்தைச் சுற்றி, நீரில் கல் எறிந்ததுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் ஓட வேண்டும். மிக உள்ளே இருக்கும் வளையம் இமையின் ஓரம். அதற்கு ஒரு தடிப்பு வேண்டும். நிஜ இமை காகிதம்போல் முடிவதில்லை, ஈரம் பளபளக்கும் ஒரு சிறு திட்டு அங்கே இருக்கிறது. இரண்டு கண்முனைகளுக்கும் நடுவே மேலிமையில் எத்தனை முனைகள் இருக்கின்றனவோ, கீழிமையிலும் அத்தனையே இருந்தால் மூடும்போது இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். கண்மூடும்போது அதிகம் பயணிப்பது மேலிமைதான். விழியின் வளைவு முழுவதையும் அது மூடியாக வேண்டும். ஆகவே அங்கே வளையங்கள் கூடுதலாகவே இருக்கட்டும். கண்ணை அகலத் திறந்த நிலையில் செய்யாமல் ஓய்வாக, சற்றே தாழ்ந்த இமையோடு செய்தால் மூடும்போதும் இழுபடாது, திறக்கும்போதும் இழுபடாது.

என் கிழவருக்கு இந்த வளையங்கள் இல்லை. கன்னத்திலிருந்து கிளம்பிய கோடுகள் சுருள்சுருளாக இமையின் மேல் ஏறி நெற்றிக்குப் போயிருந்தன. இமையை இழுத்தால் கன்னம் வராமல் என்ன செய்யும்?

வளையங்கள் எங்கே ஓட வேண்டும் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தசை எப்படி ஓடுகிறது என்று பார்த்தால் போதும். கண்ணைச் சுற்றி வட்டமான தசை இருக்கிறது, வாயைச் சுற்றியும் அப்படியே. வலையும் அங்கே வட்டமாக ஓடட்டும். கண்வட்டமும் வாய்வட்டமும் சந்திக்கும் இடத்தில் ஐந்து விளிம்புகள் கூடும் நட்சத்திர முனைகள் உருவாகும். அவற்றை ஒழிக்க முடியாது. கன்ன எலும்பு போன்ற, அதிகம் மடங்காத இடத்தில் அவற்றை ஒதுக்கிவைக்கலாம். முழங்கை, முழங்கால், விரல் மூட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று வளையங்கள் வேண்டும்: மடிப்பில் ஒன்று, இரு புறமும் ஒவ்வொன்று. தளங்கள் எங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதும் முக்கியம். மூக்கில் நெருக்கமாகவும் மண்டையில் அகலமாகவும் இருந்தால், மேல்நிலையில் மூக்குக்குத் தேவைக்கு மேல் முனைகள் குவிந்திருக்கும். மண்டையிலோ ஒரு நரம்பை எழுப்பக்கூடப் போதாது.

சுருக்கம் என்பது கீறல் இல்லை

பேஸ் மெஷ் ஸ்கல்ப்டிங் மென்பொருளுக்குள் போனதும் கை துறுதுறுக்கும். உடனே ஆறாம் நிலைக்கு ஏறித் தோல்துளை பதிக்கத் தோன்றும். நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: இந்த நிலையில் இனிச் செய்ய எதுவுமில்லை என்று ஆகும்வரை அடுத்த நிலைக்கு ஏறக் கூடாது. முதல் இரண்டு நிலைகளில் மண்டை, தாடை, கண்குழி, கழுத்தின் சாய்வு. உருவத்தைக் கறுப்பாக்கி நிழலாக மட்டும் பார்த்தாலும் கிழவர் என்று தெரிய வேண்டும். மூன்று நான்கில் சதைத் தொங்கல், மூக்கின் திரட்சி, உதடு. அதற்கு மேலேதான் சுருக்கம், கடைசியில் துளைகள். மண்டை கோணலாக இருக்கும் தலைக்குத் துளைகள் எவ்வளவு அழகாக இருந்தாலும், தெரிவது கோணல்தான்.

நெற்றிச் சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். புதியவர்கள் கீறும் பிரஷ்ஷை எடுத்து நெற்றியில் நாலு கோடு இழுப்பார்கள். விளைவு, கத்தியால் கோடு போட்ட பூசணிக்காய். கண்ணாடி முன் நின்று புருவத்தை உயர்த்திப் பாருங்கள். அங்கே கோடுகள் இல்லை. தோல் சுருண்டு சுருண்டு எழுந்த மேடுகள் இருக்கின்றன. இரண்டு மேடுகள் சந்திக்கும் பள்ளம்தான் கோடாகத் தெரிகிறது. ஆகவே நான்காம் நிலையில் முதலில் மேடுகளை உப்பச் செய்யுங்கள். ஐந்தாம் நிலையில் இடைப்பட்ட பள்ளத்தை மட்டும் கூர்மையாக்குங்கள். எல்லாப் பள்ளமும் ஒரே ஆழமாக இருக்கக் கூடாது. நடுவில் ஆழமாகி, ஓரங்களில் தேய்ந்து, சில இடங்களில் இரண்டாகப் பிரிய வேண்டும்.

சுருக்கத்தின் திசைக்கும் தசைதான் பொறுப்பு. நெற்றித் தசை மேலும் கீழுமாக இழுப்பதால் சுருக்கம் குறுக்கே விழுகிறது. கண்தசை வட்டமாகச் சுருங்குவதால் கண்ணோரச் சுருக்கங்கள் விசிறிபோல் வெளிப்பக்கம் விரிகின்றன. தசை ஓடும் திசையில் வளையம், தசைக்குக் குறுக்கே சுருக்கம். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பேஸ் மெஷ் செய்யும் நானும் செதுக்கும் நானும் ஒரே ஆள் என்ற உணர்வு எனக்கு வந்தது.

சமச்சீர் வசதியை, அதாவது ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் தானாக வருவதை, முதல் பாதி வேலைவரை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அணைத்துவிடுங்கள். இரு பக்கமும் அச்சாக ஒன்றாக இருக்கும் முகம் எங்கோ பொய் சொல்வதுபோல் இருக்கும்.

எல்லாவற்றையும் செதுக்க வேண்டும் என்பதும் இல்லை. கிழவருக்கு ஒரு தோல்சட்டை, அதில் ஐந்து உலோகப் பொத்தான்கள், இடுப்பில் கொக்கி வைத்த வார்ப்பட்டை என்று வைத்துக்கொள்வோம். சட்டையின் மடிப்பும் தேய்மானமும் ஸ்கல்ப்டிங் வேலை. பொத்தானும் கொக்கியும் பாலிகன் வேலை. பிரஷ்ஷால் செய்த உலோகம் சோப்புக் கட்டிபோலத்தான் வரும். நேர்விளிம்பும் துல்லியமான வட்டமும் அதற்கு வராது. ஒரு பொத்தானைப் பாலிகனில் செய்து ஐந்தாக நகலெடுத்து, கடைசியில் ஸ்கல்ப்டிங்கில் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நெளிசலைப் போட்டால் ஐந்தும் ஐந்து வயதாகத் தெரியும்.

இரண்டாவது வழி: முதலில் உருவம், பிறகு வலை

பேஸ் மெஷ் முதலில் என்பது ஒரு வழி. பாத்திரம் எப்படி இருக்கப்போகிறது என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும்போது அந்த வழி கையைக் கட்டிப்போடும். கொம்பு வைக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் வளையத்தைப் பற்றி யார் கவலைப்படுவது? அப்போது ஒரு கோளத்தில் தொடங்கி மனம்போனபடி இழுக்கலாம். இழுக்க இழுக்கத் தளங்கள் நீண்டு கிழிவதுபோல் ஆகும். மென்பொருள் மொத்த உருவத்தின் மேலும் சீரான புதிய வலை ஒன்றைப் போர்த்தித் தரும். ஸீபிரஷ்ஷில் டைனமெஷ், பிளெண்டரில் வாக்சல் ரீமெஷ் என்று பெயர். கொம்பைத் தனி உருண்டையாகச் செய்து தலைக்குள் குத்தி ரீமெஷ் கொடுத்தால், இரண்டும் ஒரே தோலாகிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்தப் புதிய வலைக்குக் கண்ணும் தெரியாது, வாயும் தெரியாது. எல்லா இடத்திலும் கட்டம் கட்டமாக ஓடும். முன்பு சேர்த்த சப்டிவிஷன் நிலைகளும் போய்விடும். ஆகவே ரீமெஷ் செய்வதெல்லாம் வடிவம் தேடும் கட்டத்தோடு முடிந்துவிட வேண்டும். வடிவம் உறுதியானதும் அதன் மேல் முறையான வலையைப் புதிதாகக் கட்டுவதுதான் ரீடோபாலஜி.

தானியங்கிக் கருவிகள் உண்டு; ஒரு பொத்தானில் நாற்கர வலை தரும். பாறைக்கும் படத்தில் அசையாமல் நிற்கும் சிலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேசி, சிரித்து, கண்ணடிக்கும் முகத்துக்கு நான் அவற்றை நம்புவதில்லை. என் கிழவரைக் கெடுத்ததே அந்த ஒரு பொத்தான்தான். கடைசியில் கையால் செய்தேன். செதுக்கிய தலையை அசையாமல் வைத்து, அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும்படி முனைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். முதலில் கண்வளையம், அடுத்து வாய்வளையம், பிறகு மூக்கோரத்திலிருந்து வாயைச் சுற்றித் தாடைவரை ஓடும் கோடு. இவை அமைந்ததும் இடைவெளிகள் புதிர்க்கட்டம்போல் தாமாக நிரம்பின. இரண்டு நாள் பிடித்தது.

மூன்று வாரச் செதுக்கல் வீணாகிவிட்டதா என்றால், இல்லை. புதிய வலையைச் சப்டிவிஷனால் பெருக்கிக்கொண்டே, பழைய சிற்பத்தின் மேல் படியச் செய்யலாம். ஒவ்வொரு முனையும் பழைய பரப்பைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். புரொஜெக்‌ஷன் என்பது இதுதான். ஒரே மூச்சில் ஆறாம் நிலைக்குப் போய்ச் செய்யாதீர்கள். ஒரு நிலை ஏற்றி, படியவைத்து, பிறகு அடுத்தது என்று போக வேண்டும். உதடுகளுக்கு நடுவிலும் இமையோரத்திலும் முனைகள் தவறான பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடங்களை முகமூடி (மாஸ்க்) இட்டு விலக்கிவிட்டு, பிறகு கையால் சரிசெய்வது நல்லது.

மென்பொருள்களுக்கு இடையே போய்வரும் பாதை

மென்பொருள் எது என்பதில் நான் அதிகம் தங்கப்போவதில்லை. பாலிகன் வேலைக்கு மாயா, 3டிஎஸ் மேக்ஸ், பிளெண்டர். ஸ்கல்ப்டிங்குக்கு 1999-இல் பொதுவெளிக்கு வந்து 2022-இல் மேக்ஸான் நிறுவனத்தின் கைக்குப் போன ஸீபிரஷ். நியூசிலாந்தின் வேட்டா டிஜிட்டலில் வேலை செய்த கலைஞர்கள் தங்கள் தேவைக்காக உருவாக்க, 2007-இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய மட்பாக்ஸ். பல லட்சம் தளங்களைத் திணறாமல் சுமப்பதில் இன்றும் ஸீபிரஷ்ஷுக்கே என் ஓட்டு. ஆனால் புதியவருக்கு பிளெண்டரைத்தான் சொல்வேன். இலவசம் என்பது ஒரு காரணம். பாலிகன் வேலைக்கான எடிட் மோடு, செதுக்குவதற்கான ஸ்கல்ப்ட் மோடு இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், கோப்பை ஏற்றுமதி செய்யும் தலைவலியே இல்லை என்பது பெரிய காரணம்.

இரண்டு தனி மென்பொருள்களுக்கு இடையே போய்வருவதாக இருந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது அளவு: மாயா இயல்பாகச் சென்டிமீட்டரிலும் பிளெண்டர் மீட்டரிலும் கணக்கிடும். ஆறடி ஆள் எறும்பாகவோ கோபுரமாகவோ வந்து நிற்கலாம். இரண்டாவது திசை: மாயாவில் ஒய் அச்சு மேல்நோக்கி, பிளெண்டரிலும் 3டிஎஸ் மேக்ஸிலும் இசட் அச்சு மேல்நோக்கி. ஆள் குப்புறப் படுத்திருந்தால் பதறாதீர்கள், காரணம் இதுதான்.

மூன்றாவதுதான் மெய்யான ஆபத்து: முனைகளின் வரிசை. மெஷ்ஷில் ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. அடிநிலை வலையை வெளியே எடுத்து, மாயாவில் காதைச் சற்றுப் பின்னால் தள்ளி, திரும்பக் கொண்டுவந்தால், எண்கள் மாறாதவரை மேல்நிலைச் செதுக்கல் புதிய இடத்தில் ஒழுங்காக அமரும். அதே பயணத்தில் ஒரு முனையைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எண்கள் கலைந்துவிடும். திரும்பி வரும்போது தலை முள்ளம்பன்றியாக வெடித்து நிற்கும். முனைகளை நகர்த்தலாம், எண்ணிக்கையைத் தொடக் கூடாது.

80 லட்சத்தை எப்படிச் சுமப்பது?

செதுக்கல் முடிந்துவிட்டது. கையில் 82 லட்சம் தளங்கள் கொண்ட தலை இருக்கிறது. ஒரு விளையாட்டில் இந்தத் தலை நொடிக்கு 60 முறை வரையப்பட வேண்டும்; பக்கத்தில் இன்னும் இருபது தலைகளும் நிற்கும். எந்த இயந்திரமும் பெருமூச்சு விடும். ஆகவே நுணுக்கத்தைப் படமாக மாற்றி, சில ஆயிரம் தளங்கள் மட்டுமே கொண்ட எளிய தலையின் மேல் ஒட்டுகிறோம். இதற்குப் பேக்கிங் என்று பெயர்.

படம் ஒட்ட வேண்டுமென்றால் முதலில் எளிய தலையின் தோலை உரித்துத் தட்டையாக விரிக்க வேண்டும். அதுதான் யுவி விரிப்பு. தையல்களைக் காதுக்குப் பின்னால், தலைமுடிக்கு அடியில் என்று மறைவிடங்களில் வைப்பது வழக்கம். பிறகு மென்பொருள் எளிய தலையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை அனுப்பும். அது செதுக்கிய தலையை எங்கே தொடுகிறதோ, அங்கே பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கேட்டு, அந்த விடையை ஒரு நிறமாக எழுதிவைக்கும். சிவப்பு இடவலம், பச்சை மேல்கீழ், நீலம் வெளிப்பக்கம். எங்கும் சாயாத தட்டையான இடத்தின் நிறம் 128, 128, 255. இப்படி எழுதப்பட்ட படத்துக்கு நார்மல் மேப் என்று பெயர்; அது முழுவதும் அந்த வெளிர்நீல ஊதா நிறத்தில் தெரிவதற்குக் காரணம் இதுதான். ஒளி விழும்போது விளையாட்டை இயக்கும் மென்பொருளான கேம் இன்ஜின் இந்த நிறத்தைப் படித்து, அங்கே சுருக்கம் இருப்பதுபோல் நிழலிடும்.

இருப்பதுபோல், அவ்வளவுதான். முனை எதுவும் நகர்வதில்லை. தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் வெளிக்கோடு எளிய தலையுடையதாகவே இருக்கும். ஆகவே கூனல் மூக்கு, துருத்திய கன்ன எலும்பு, பெரிய மரு ஆகியவற்றை எளிய வலையிலேயே செய்துவிட வேண்டும். நார்மல் மேப்பிடம் சுருக்கத்தையும் துளையையும் மட்டும் ஒப்படையுங்கள். 2048-க்கு 2048 அளவுள்ள படத்தில் இருப்பது 41,94,304 பிக்சல்கள். 82 லட்சம் தளங்களின் நுணுக்கம் முழுவதும் அதில் அடங்காது. விளையாட்டில் தெரியப்போகாத துளைகளுக்காக இரவெல்லாம் விழிக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

திரைப்படத்துக்கு வேறு வழி. டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் பரப்பின் உயரத்தையே பதிந்துவைக்கும். ரெண்டர் செய்யும்போது, அதாவது இறுதிப் படத்தைக் கணினி வரையும்போது, வலையைப் பெருக்கி முனைகளை உண்மையாகவே நகர்த்தும். வெளிக்கோடும் மாறும். அதை 8-பிட் படமாக மட்டும் சேமிக்காதீர்கள். மொத்தம் 256 படிகள்தான் அதில் உண்டு. மென்மையான கன்னம் படிக்கட்டாகிவிடும். 16 அல்லது 32 பிட் வேண்டும்.

பேக்கிங்கில் நேரும் விபத்துகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். கதிர் போதிய தூரம் போகாமல் நின்றால் படத்தில் ஓட்டை விழும். அதிக தூரம் போனால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடும்: வார்ப்பட்டையிலிருந்து கிளம்பிய கதிர் சட்டைப் பொத்தானைத் தொட்டு, பட்டையின் மேல் அரைப் பொத்தானைப் பதித்துவிடும். பட்டை, பொத்தான், சட்டை எல்லாவற்றையும் தனித்தனிப் பெயரிட்டு, பெயருக்குப் பெயர் பேக் செய்தால் இது தீரும். மேடு எல்லாம் பள்ளமாகத் தெரிந்தால் பச்சை நிறம் தலைகீழாக இருக்கிறது என்று பொருள். பச்சையில் எது மேல், எது கீழ் என்பதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. பிளெண்டரும் யூனிட்டி என்ற கேம் இன்ஜினும் ஓபன்ஜிஎல் வழக்கம், அன்ரியல் என்ற கேம் இன்ஜின் டைரக்ட்எக்ஸ் வழக்கம்; பச்சையை மட்டும் புரட்டிப் போட்டால் போதும்.

முதல் பயிற்சிக்கு ஒரு விரல்

முழு ஆள் வேண்டாம், தலைகூட வேண்டாம். உங்கள் இடது கட்டைவிரலைச் செய்யுங்கள். எந்நேரமும் உங்களோடு இருக்கும் மாடல், கூலியும் கேட்காது. ஒரு உருளையிலிருந்து 300 நாற்கரங்களுக்குள் பேஸ் மெஷ் செய்யுங்கள். மூட்டில் மூன்று வளையம். நகத்தைத் தனித் துண்டாக, கூர்மையான ஓரத்தோடு பாலிகனில் செய்து வையுங்கள். ஐந்துமுறை பிரித்தால் 3,07,200 தளங்கள் வரும். சாதாரணக் கணினியும் தாங்கும். மூட்டின் மேல் தோல் எப்படிச் சுருண்டு கிடக்கிறது என்று பார்த்து மேடுகளை எழுப்புங்கள், பிறகு பள்ளங்கள். நகத்தின் அடியில் தோல் ஏறி நிற்கும் விளிம்பை மறந்துவிடாதீர்கள். உலோகப் பொத்தானும் சட்டைத்துணியும் சந்திக்கும் அதே சிக்கல் அங்கேயும் உண்டு.

பிறகு அடிநிலை வலைக்கு யுவி விரித்து, நார்மல் மேப்பை பேக் செய்து, இரண்டு எலும்புகளைப் பொருத்தி விரலை மடக்குங்கள். உட்புறம் கசங்கினால் வளையங்கள் மூட்டிலிருந்து விலகி இருக்கின்றன. முனை எதையும் சேர்க்காமல் அவற்றை மூட்டை நோக்கி நகர்த்தி, மறுபடி பேக் செய்யுங்கள். நகத்தோரத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் நகத்தையும் விரலையும் தனித்தனியாக பேக் செய்யுங்கள். இப்போது உங்கள் சொந்த விரலைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாக மடக்கிப் பாருங்கள்.